மூன்றும் நான்கும்: மையமற்ற தாளம்

'லிக்' எனப்படும் ப்ளூஸ் கிதார்த் துணுக்கொன்றைப் பழகிவருகிறேன். மூன்றே சுரம், திரும்பத் திரும்ப வரும். கால் தட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு சுரம். விரல்களோ மூன்று மூன்றாய்ப் போகின்றன. துணுக்கின் முதல் சுரம் நழுவி நழுவி, 12 சுரம் கழித்துத்தான் மறுபடி தட்டில் விழுகிறது.

இதை வெறும் 'சிங்கோபேஷன்' என்பவர்கள் தட்டை மையமாக்கி, மற்றதைப் பிறழ்வாக்குகிறார்கள். வாசிக்கிற உடம்புக்கு அப்படித் தெரியல. காலைக் கேட்டா விரல் பிசகுது. விரலைக் கேட்டா கால் பிசகுது. எது மையம்?

'கறுப்பர்களுக்குத் தாளம் ரத்தத்திலேயே இருக்கு' என்ற பாராட்டும் வன்முறைதான். பயிற்சியை, உழைப்பை அது அழித்துவிடுகிறது. தாளத்தின் வலு எஜமானர்களுக்குத் தெரிந்திருந்தது: 1739 ஸ்டோனோ கிளர்ச்சியை அடுத்து, 1740இல் தென் கரோலினா அடிமைகளுக்கு முரசைத் தடைசெய்தது. அதனால் முரசு அப்படியே கிதாருக்குள் குடியேறியது என்று கதை கட்டவும் வேண்டாம். மிசிசிப்பியில் ஒதர் டர்னர் 2003இல் இறக்கும் வரை நாணற்குழல் ஊத, கூடவே முரசும் ஒலித்தது.

இரண்டு கணக்கு, ஒரே உடம்பு. ஒன்று மற்றதை விழுங்குவதில்லை. இது ரத்தத்தில் வருவதல்ல, கற்றுக்கொள்வது. இதன் அரசியலும் அங்கேதான் இருக்கிறது.