கலங்கிப் பின் தெளியும் நீர்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைப் பந்தல்களில் அடிச்சாம்பல் நோய் அண்டாதிருக்கும்பொருட்டு உழவர்கள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளிக்கிறார்கள். அந்த நீலத்திலுள்ள தாமிரம் மழையோடு கரைந்து நீரில் அணுவளவே கலந்திருந்தாலும், அதனைத் திரட்டி அளவிட ரசாயன சாஸ்திரம் கண்ட உபாயங்களுள் ஒன்று என் ரசனைக்கு மிகவும் உகந்தது.

தாமிர அயனியைப் பற்றிக்கொள்ளும் ஒரு சாயப்பொருளையும், மின்னேற்றம் இல்லாத சோப்பு வகையான டிரைட்டன் எக்ஸ்-114 என்பதையும் அந்நீரில் சிறிதளவு சேர்த்துச் சூடேற்றினால், பளிங்குபோல் இருந்த கரைசல் திடீரெனப் பால்நிறமாய்க் கலங்குகிறது. சூடேறச் சர்க்கரை அதிகமாய்க் கரைவதைக் கண்டு பழகிய நமக்கு இது விபரீதமாகவே தோன்றும். ஆயினும், சோப்பு மூலக்கூறுகளைத் தழுவி நின்ற நீரின் பிடி உஷ்ணத்தால் தளர, அவை ஒன்றோடொன்று கூடித் தனித்துப் பிரிவதே இதன் காரணம். ஏறத்தாழ 25 பாகையிலேயே இது நிகழ்வதால், தேனியின் சித்திரை வெயிலில் அடுப்பும் வேண்டுவதில்லை.

பின்னர்க் குழாயை வேகமாய்ச் சுழற்றிப் பனிக்கட்டியில் வைத்தால், தாமிரத்தைத் தன்னுள் வாங்கிய செந்நிறத் துளி அடியில் பாகாய் இறுகுகிறது; மேல்நீரைச் சாய்த்து ஊற்றிவிடலாம். 1978இல் ஜப்பானியரான வதனபேயும் தனகாவும் துத்தநாகத்தைப் பிரிக்கக் கையாண்ட இம்முறை, குளோரோபாரம் போன்ற நச்சுத் திரவங்களை நாடாமல், நீரைக்கொண்டே நீரிலிருந்து உலோகத்தைப் பிரிக்கிறது. இந்தச் சிக்கனமே அதன் அழகு.