'பொது இல்லம்': வட்டவளையிலிருந்து ஒரு வாசிப்பு

மனிதனுக்குப் பூமியை ஆளும் உரிமை வழங்கிய விவிலிய நோக்கே சூழலியல் நெருக்கடியின் வேர் என 1967இல் 'சயன்ஸ்' இதழில் வாதிட்டவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைற். இத்தகைய குற்றச்சாட்டுக்கு விடையிறுக்கும் முகமாகவும் அமைந்தது, காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடல். ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரம் கூறும் 'ஆளுகை'யை, இரண்டாம் அதிகாரம் கூறும் 'பண்படுத்திக் காத்தல்' கொண்டு அது விளக்குகிறது. விளக்கம் வலுவானதே. ஆயினும், இவ்விரு வாதங்களிலும் 'மனிதன்' ஒருமையில் நிற்கிறான். வட்டவளையிலிருந்து நோக்குவார்க்கு அவ்வொருமை ஐயத்துக்குரியது.

இலங்கையில் மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் ஒன்று வட்டவளை. மத்திய மலைநாட்டுக் காடுகள் முதலிற் கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டன. வெட்டிய கைகளுட் பல தென்னிந்தியத் தொழிலாளருடையவை. வெட்டுவித்த மூலதனம் அவர்களுடையதன்று. இன்றும் அம்மழையில் மண் சரியாதவாறு கான் வெட்டி நீரை வழிப்படுத்துவோர் அவர்களின் வழிவந்தோரே. அதாவது, 'காத்தல்' என்னும் கட்டளையை நாட்கூலிக்கு நிறைவேற்றுவோர் அவர்கள். எச்சரிவில் நடுவது, எதனைத் தெளிப்பது என்னும் தீர்மானங்களோ வேறிடத்தில் எடுக்கப்படுகின்றன. கிளைபோசேற் களைகொல்லி 2015இல் தடைசெய்யப்பட்டதும், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீள அனுமதிக்கப்பட்டதும் அரசின் தீர்மானங்கள். அதனை முதுகிற் சுமந்து தெளித்தவருடையவையல்ல.

ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சி பயன்தரும். 'பண்படுத்துதல்' எனப் பெயர்க்கப்படும் எபிரேயச் சொல் 'அவத்'. உழைத்தல், பணிசெய்தல் என்னும் பொருள்களும் அதற்குண்டு. எகிப்தியர் இசுரவேலரைக் கொடுமையாக வேலை வாங்கியதை யாத்திராகமம் கூறுமிடத்தும் இதே வேர்ச்சொல்லே வருகிறது. ஏதேனிற் பேறாக இருந்த உழைப்பு எகிப்தில் அடிமைத்தனமாயிற்று. தொழில் மாறியதனாலன்று, நிலத்தோடும் அதிகாரத்தோடும் உழைப்பவன் கொண்ட உறவு மாறியதனால். சுற்றுச்சூழல் இறையியல் தோட்டப்புறத்தில் மரநடுகையோடு நின்றுவிடுமாயின், அது ஏதேனைப் படித்து எகிப்தைத் தாண்டிச் சென்ற வாசிப்பாகும். (இயேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இற் கண்டியில் 'சத்தியோதய'த்தை நிறுவித் தோட்ட மக்களின் உரிமைகளை முன்வைத்தபோது, அதனைச் சூழலியல் என எவரும் அழைத்திலர்.)

காத்தற்கு உரிமையின்மை உயிர்ப்பிரச்சினையுமாகும். 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுட் புதையுண்டன. முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த இடம் அது. ஆனால், எழுந்து சென்று குடியேறச் சொந்த நிலம் அம்மக்களுக்கு இருந்ததா?

சுற்றுமடலின் துணைத்தலைப்பு பூமியை நமது 'பொது இல்லம்' என்கிறது. லயன் அறையில் வாழ்பவரை நோக்கி இத்தொடரை எடுத்துரைப்போர், அச்சுற்றுமடலின் 94ஆம் பத்தியையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். பராகுவே ஆயர்களை மேற்கோள் காட்டும் அப்பத்தி, வீடமைக்க மட்டுமன்றிக் குடும்பத்தின் பிழைப்புக்காக உழைக்கவும் போதிய நிலம் உழவனின் இயற்கையுரிமை என்கிறது. மலையகத்தின் அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்கள் பலவற்றில் ஒரு குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டது 7 பேர்ச்சஸ்.