கே. ராமானுஜம்: கனவுக்கு வீடு கட்டிய ஓவியர்

கே. ராமானுஜம் (1941–1973) சென்னையில் உருவான நவீன ஓவிய இயக்கத்தைச் சேர்ந்த ஓவியர். காகிதத்தில் பேனா மையாலும் நீர்வண்ணத்தாலும் கனவுக் காட்சிகளை வரைந்தவர். மாடமாளிகைகள், பாம்புகள், சிறகு முளைத்த விலங்குகள், அலங்காரம் செய்துகொண்ட பெண்கள், இவர்களுக்கு நடுவே தொப்பி அணிந்த ஒரு மனிதர் என அமைந்தது அவரது ஓவிய உலகம். தமிழக ஓவியர்களில் சர்ரியலிசம் எனப்படும் மீமெய்வாதத்துக்கு மிக அருகில் வைத்துப் பேசத்தக்கவர் அவர். ஆனால் அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவரது மனநோயிலும் துயரமான முடிவிலும் நின்றுவிடுகிறது. அவருடைய கோடுகளை நிதானமாகப் பார்க்கும்போது அந்தப் பார்வை போதாது என்பது தெரியவரும்.

பிறப்பு, கல்வி

ராமானுஜம் சென்னை திருவல்லிக்கேணியில் ஆசாரமான வைணவக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலிருந்தே மனநலச் சிக்கலும் பேச்சுத் திக்கலும் இருந்தன. மற்றவர்களோடு பழகுவதும் பள்ளிப் பாடங்களும் அவருக்குக் கடினமாக இருந்தன. படம் வரைவது மட்டும் தடையின்றி வந்தது.

சென்னை அரசு கலைத் தொழிற்பள்ளியில் அவர் ஓவியம் பயின்றார். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. ராமானுஜம் பயின்ற காலத்தில் அதன் முதல்வராக இருந்தவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். மதிப்பெண்ணாலும் பேச்சாலும் அளக்க முடியாத ஒரு மாணவரைப் பணிக்கர் அவருடைய கோட்டைக் கொண்டே அடையாளம் கண்டார்; தொடர்ந்து ஆதரவும் தந்தார். ராமானுஜத்தின் கலைவாழ்க்கை அந்த ஆதரவிலிருந்தே தொடங்குகிறது.

சோழமண்டல வாழ்க்கை

1966-ல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. எனவே பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்த வருவாயைக் கொண்டு ஓவியர்கள் தங்கள் கலையைக் காப்பாற்றிக்கொண்டனர். ராமானுஜம் அந்தக் கிராமத்திலேயே தங்கி வரைந்தார். சென்னை கன்னிமாரா ஓட்டலுக்காகப் பெரிய சுவரோவியப் பணி ஒன்றையும் செய்தார். 1973-ல் சோழமண்டலத்திலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார்.

ஓவிய முறை

ராமானுஜத்தின் அடிப்படைக் கருவி கோடு. மெல்லிய கோடுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகவும், ஒன்றை ஒன்று வெட்டும்படியும் இழுத்து இருட்டை உண்டாக்குவார். கோடு படாமல் விடப்பட்ட காகிதத்தின் வெண்மை ஒளியாகிறது. பல படங்களில் நிலவொளி படிந்த இரவு போன்ற தோற்றம் கிடைப்பது இதனால்தான். வளைவுகள், படிக்கட்டுகள், கோபுரங்கள், தூண்கள் அடுக்கடுக்காக எழுந்து, காட்சி ஒரு நாடக மேடைபோல் விரிகிறது.

அந்த மேடையில் திரும்பத் திரும்ப வரும் தொப்பிக்காரர் ராமானுஜமே. சில படங்களில் அவர் விநோத விலங்கின்மேல் ஏறிச் செல்கிறார். சிலவற்றில் ஊர்வலத்தின் நடுவே இருக்கிறார். அன்றாட வாழ்க்கையில் பேசத் தயங்கிய மனிதர் தம் படத்துக்குள் மரியாதைக்குரிய விருந்தாளியாக வருகிறார்.

மீமெய்வாதமும் ராமானுஜமும்

1924-ல் பாரிசில் ஆந்த்ரே பிரெத்தோன் மீமெய்வாத அறிக்கையை வெளியிட்டார். பிராய்டின் கனவு ஆய்வுகளை அடியொற்றி, பகுத்தறிவின் கட்டுப்பாட்டை உடைத்து அடிமனத்தை வெளிக்கொணர்வது அந்த இயக்கத்தின் நோக்கம். டாலி 1931-ல் வரைந்த புகழ்பெற்ற படத்தில் கடிகாரங்கள் உருகித் தொங்குகின்றன. நமக்குப் பழக்கமான ஒரு பொருள் அங்கே அந்நியமாகி நம்மை அதிரச் செய்கிறது.

ராமானுஜத்திடம் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. பாம்பும் சிறகுள்ள மிருகமும் அவரது படத்தில் அச்சமூட்டுவதில்லை. அவை வீட்டு மனிதர்களைப் போல உலவுகின்றன. பாரிஸ் ஓவியர்கள் பழகிய வீட்டை உடைத்துப் பார்த்தார்கள். ராமானுஜம் தமக்குக் கிடைக்காத வீட்டைக் கட்டிக்கொண்டார். எனவே அவரை மீமெய்வாதி என்று அழைக்கலாம், ஆனால் ஐரோப்பிய இயக்கத்தின் கிளையாகக் கருத முடியாது. கோயில் கோபுரத்தின் நெருக்கம், தேர்த் திருவிழாவின் கூட்டம், நாடகத் திரைச்சீலையின் பகட்டு ஆகியவற்றோடுதான் அவரது படங்களுக்கு உறவு அதிகம்.

இந்திய மண்ணில் வேர்கொண்ட நவீன ஓவியம் எப்படி இருக்கவேண்டும் என்பது அன்றைய சென்னை ஓவியர்களின் முக்கியக் கேள்வி. பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில், ஜாதகக் கட்டம் போன்ற வடிவங்களையும் எழுத்துகளையும் கொண்டு அதற்கு விடை தேடினார். ராமானுஜம் கோட்பாடு எதையும் முன்வைக்காமல் தம் கனவின் வழியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மதிப்பீடு

ராமானுஜத்தின் உலகம் எல்லைக்குட்பட்டது. அதே மாளிகை, அதே தொப்பி, அதே விலங்குகள் மீண்டும் வருகின்றன. பெண்கள் தனித்த முகமோ குணமோ பெறாமல் ஆசையின் உருவங்களாகவே நிற்கின்றனர். குறுகிய வாழ்நாளில் அவர் இந்த எல்லையைத் தாண்டிச் செல்லவில்லை.

ஆயினும் அவரது ஓவியத்தை நோயின் விளைவாகச் சுருக்குவது தவறு. ஒரு தூணின் நிழலை நூற்றுக்கணக்கான கோடுகளால் நிரப்பும்போது எந்தக் கோட்டை எங்கே நிறுத்துவது என்ற முடிவு ஒவ்வொரு கணமும் தேவைப்படுகிறது. அந்தக் கவனமும் பொறுமையும் பயிற்சியால் வந்தவை. நோய் அவருக்குத் துன்பத்தைத் தந்தது. படத்தை வரைந்தது அவருடைய கைதான். மனநோயைக் கலைமேதைமையின் விலையாகப் புகழ்வதும் இதே தவறின் மறுபக்கம். அவருக்குச் சிகிச்சையும் நீண்ட ஆயுளும் கிடைத்திருந்தால் கலை குறைந்திருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

வேலூரிலோ ஆம்பூரிலோ பள்ளி ஓவிய வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவர் ராமானுஜத்திடம் கற்றுக்கொள்ள, விலையுயர்ந்த வண்ணங்கள் தேவையில்லை. காகிதமும் பேனாவும் போதும். ஆசிரியர் கற்றுக்கொள்ள வேண்டியது பணிக்கரிடம் இருக்கிறது. வகுப்பில் வாய் திறக்காத மாணவரின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் அது.