லெமான்ஸ் உடம்பில் ஜி.டி.ஓ.

1964-ஆம் வருஷத்துப் பான்டியாக் லெமான்ஸ் கார் ஒன்றை ஜி.டி.ஓ.வாக மாற்றியமைக்கும் கலையைப் பற்றி யாரேனும் இகழ்ச்சியாகப் பேசக் கேட்டால், அந்த வண்டியின் ஜனன வரலாற்றை அவர் ஒரு கணம் மறந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றும். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜினை வைக்கலாகாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமைப் பீடம் விதித்திருந்த காலத்தில், அதன் பான்டியாக் பிரிவின் பொறியாளர்களான ஜான் டிலோரியனும் பில் காலின்ஸும் ரஸ் ஜீயும், பெரிய பான்டியாக்குகளுக்கென்று பிறந்த 389-ஐ எடுத்து லெமான்ஸுக்கு அடிப்படையான டெம்பெஸ்ட் உடம்பில் இருத்தி ஓட்டிப் பார்த்து, அதன் வேகத்தில் மனம் பறிகொடுத்து, புது மாடல் என்று சொன்னால் அனுமதி கிடைக்காது என்பதனால், லெமான்ஸுக்கு ஓர் உபரித் தொகுப்பு என்ற பெயரில் 295 டாலர் 90 சென்ட் விலைக்கு அதை வெளியே அனுப்பினார்கள். பான்டியாக் பிரிவின் தலைவர் பீட் எஸ்டஸ் துணிந்து சம்மதம் கொடுத்தார். ஐயாயிரம் போனால் போதும் என்று கணக்கிட்ட விற்பனைப் பகுதி அந்த மாடல் வருஷத்தில் 32,450 வண்டிகளை விற்றது. ஆக, முதல் வருஷத்து ஜி.டி.ஓ.க்கள் அத்தனையும், ஒன்றுகூட விலக்கில்லாமல், லெமான்ஸ்களே. அன்று தொழிற்சாலை செய்து முடித்த அந்தக் காரியத்தை, அறுபது வருஷம் கழித்து ஒருவர் தம் வீட்டு ஷெட்டில், அதே பாகங்களைத் தேடிச் சேர்த்து, அதே ஒழுங்கில் செய்து முடிக்கிறார் என்றால், அவரை அந்தத் தொழிற்சாலையின் கடைசிப் பணியாளராகவே நான் கருதுகிறேன்.

மற்ற மாற்றங்களைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. மாலிபுவை ஷெவெல் எஸ்.எஸ். ஆக்குகிறவர்களையும், சாட்டிலைட்டை ஜி.டி.எக்ஸ். ஆக்குகிறவர்களையும் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் சாதாரணக் கமாரோவின் முதுகில் இரண்டு அகன்ற பட்டைகளைத் தீட்டி இஸட்-28 என்று அழைப்பதில் என் மனம் ஒன்றுவதில்லை; டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 305 கன அங்குல வரம்புக்குள் அடங்கவேண்டும் என்பதற்காகவே உருவான அந்த 302 என்ஜின்தான் அதன் ஜீவன், பட்டைகள் அதன் வஸ்திரம். பிற்காலத்து ஜி.டி.ஓ.க்களிலும் எனக்கு இத்தனை பற்று இல்லை. 1966 முதல் அது தனி மாடலாகி, வண்டி எண்ணின் தலையிலேயே 242 என்று பொறிக்கப்பட்டு விட்டபடியால், 237 என்று தொடங்கும் லெமான்ஸுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர் எழும்பிவிட்டது. ஆரஞ்சு வர்ணம் பூசி 'தி ஜட்ஜ்' என்று எழுதிக்கொண்டு வரும் 1969 வண்டிகளோ இன்று ஊர்வலங்களில் அசலைவிட அதிகமாகத் தென்படுகின்றன; அவற்றைச் சுற்றிக் கூட்டம் கூடுவதைக் கண்டாலும் என் கால் அந்தப் பக்கம் போவதில்லை.

என் கண் முதலில் போவது முன்சக்கரத்துக்குப் பின்னால், ஃபெண்டரின் கீழ்ப்பகுதியில், கீழ்நோக்கிக் குறுகிச் செல்லும் அந்தச் சின்னஞ்சிறு முத்திரைக்குத்தான். மேலே ஜி.டி.ஓ. என்ற மூன்று எழுத்து, கீழே 6.5 லிட்டர் என்ற அளவு. கன அங்குலத்தைத் தவிர வேறு அளவை அறியாத அமெரிக்க வீதியில், ஐரோப்பியக் கணக்கில் ஒரு வண்டி தன்னை அறிவித்துக்கொண்டதே பெரும் புதுமை. 389 கன அங்குலத்தை லிட்டரில் மாற்றினால் 6.37தான் வரும், அதை ஆறரை என்று நிறைவாகச் சொல்லிக்கொண்டார்கள். பானெட்டின் மேல் உள்ள இரட்டைக் காற்றுவாய்களும் அடைபட்டவையே, உள்ளே ஒரு மூச்சுக்கூடப் போகாது. பெயரும் ஃபெராரியிடமிருந்து கேளாமல் எடுத்ததுதான். 1964 மார்ச் மாதத்து 'கார் அண்ட் டிரைவர்' இதழ் சோதித்த வண்டியில் 389-க்குப் பதிலாக 421 இருந்தது என்பதை, பான்டியாக்கின் விளம்பரங்களைக் கவனித்துவந்த ஜிம் வாங்கர்ஸ் பிற்காலத்தில் தாமே ஒப்புக்கொண்டார். தன் சொந்த பலத்துக்கு மேல் ஓர் அங்குலம் உயர்ந்து நிற்க ஆசைப்பட்டதும், அந்த ஆசைக்குத் தக்கபடி உண்மையாகவே ஓடிக்காட்டியதும் அதன் பிறவிக் குணங்கள். அந்த இரண்டு குணங்களும் ஒன்றாக அமர்ந்திருக்கும் இடம் அந்த முத்திரை என்பதனாலேயே அதை நான் இவ்வளவு விரும்புகிறேன். ஒரு மாற்றத்தைச் செய்தவரின் கைத்திறனை அளக்கவும் எனக்கு அதுவே பிரமாணம்.

உட்வர்ட் அவென்யூவை ஒட்டிய ஒரு சந்தில், டெட்ராய்ட்டுக்கும் பான்டியாக் நகருக்கும் நடுவே, டிங்கரிங் வேலையில் முதுமை எய்திய ஒருவரிடம் அந்த முத்திரை பொருத்தும் வேலையைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவர் எந்தப் பாகத்தையும் அவசரமாகத் தொட்டதில்லை. கெடாத ஓர் அசல் ஃபெண்டரிலிருந்து தடித்த அட்டையில் அளவுப் படிவம் எடுத்து வைத்திருந்தார். சக்கர வளைவின் விளிம்பிலிருந்து ஓர் அளவு, கதவின் இடைவெளியிலிருந்து ஓர் அளவு, அடிவிளிம்பிலிருந்து ஓர் அளவு என்று மூன்றும் கூடினால்தான் அந்த அட்டை ஃபெண்டரில் உட்காரும். காகித டேப்பை ஒட்டி, அதன் மேல் பென்ஸிலால் குறித்து, கூர்முனையைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக் குழி செய்து, சிறிய டிரில் பிட்டால் முதலில் ஒரு வழி திறந்து, பிறகே முழு அளவுக்குத் துளையைப் பெருக்குவார். துளையின் விளிம்பில் எழும்பிய பிசிறை விரலால் தடவிப் பார்த்து அரத்தால் நீக்கி, பளபளக்கும் அந்தப் பச்சை இரும்பின் மேல் நுனித்தூரிகையால் பிரைமரைத் தொட்டு வைப்பார். அது காய்ந்த பிறகே முத்திரையின் காம்புகள் உள்ளே நுழையும். மழையும் உப்பும் படும் மிச்சிகன் சாலையில் துரு பிடிக்கத் தொடங்குவது இத்தகைய துளைகளில்தான் என்பதை அவர் நாற்பது குளிர்காலங்கள் கண்டு அறிந்தவர். முத்திரை அமர்ந்ததும் கிழிக்க முடியாத ஒரு காகிதத் துண்டை அதன் விளிம்பின் அடியில் சுற்றிலும் செலுத்திப் பார்ப்பார். ஓரிடத்திலாவது அது எளிதாக நுழைந்தால் முத்திரையைக் கழற்றி, காம்பைத் திருத்தி, மறுபடி பொருத்துவார்.

புதுத் துளை இடுவதைக் காட்டிலும் பழைய துளையை மூடுவதே கடினம் என்பது அவருடைய சித்தாந்தம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. லெமான்ஸ் என்ற பெயரெழுத்துகள் பொருந்தியிருந்த துளைகளைப் பட்டி வைத்து அடைத்து வர்ணம் அடித்துவிடுவது பெரும்பாலோர் வழக்கம். விற்கும் நாளில் அது கண்ணாடிபோல் இருக்கும். இரண்டு கோடைகள் கழிந்ததும், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பட்டி சற்றே உள்வாங்கி, சாய்ந்த வெயிலில் பழைய எழுத்துகளின் புள்ளிகள் வரிசையாகத் தோன்றிவிடும். அவரோ துளையின் பின்புறத்தில் ஒரு செப்புத் தகட்டை அணைத்துப் பிடித்து, முன்புறத்தில் ஒரே ஒரு பொட்டு வெல்டிங் வைத்து, தகடு கைபொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருந்து, அடுத்த பொட்டை வேறொரு துளையில் போய் வைப்பார். ஒரே இடத்தில் சூடு தங்கினால் மெல்லிய தகடு அலைபோல் நெளிந்துவிடும் அல்லவா? பிறகு அரைத்துச் சமன் செய்து, ஈயம் உருக்கி, மெழுகில் தோய்த்த கட்டைக் கரண்டியால் அதைப் பரப்பி, நீண்ட அரத்தை மூலைவாட்டத்தில் ஓட்டுவார். அக்காலத்தில் கூரையும் பின்பக்கத் தகடும் கூடுமிடத்தைத் தொழிற்சாலையே ஈயத்தால்தான் மறைத்தது. ஆகவே அவர் கையாண்டது பழமைப்பற்றினால் வந்த பிடிவாதமன்று, அந்த உடம்புக்கு உரிய மருந்து. இன்று ஈயம் பரப்பத் தெரிந்தவரைத் தேடி மாகாணம் விட்டு மாகாணம் போகவேண்டியிருக்கிறது. தொழிற்பள்ளிகளில் தகட்டைக் கழற்றி மாற்றச் சொல்லிக் கொடுக்கிறார்கள், தகட்டைத் திருத்தச் சொல்லிக் கொடுப்பதில்லை.

என்ஜின் விஷயத்தில் பான்டியாக் நமக்குச் செய்திருக்கும் உபகாரம் சாமானியமானதல்ல. லெமான்ஸில் வந்த 326-ம் ஜி.டி.ஓ.வின் 389-ம் வெளியளவில் ஒன்றே, தாங்கிகளும் ஒன்றே. வேறு கம்பெனிக் கார்களில் சிறிய எட்டு சிலிண்டரை எடுத்துப் பெரியதை வைக்கும்போது எழும் சங்கடங்கள் இங்கே எழுவதில்லை. ஆனால் இந்த எளிமையே சோம்பலுக்கும் வழிவிடுகிறது. 326-ஐ அப்படியே விட்டு, குரோம் மூடிகளை மாட்டி, 6.5 லிட்டர் என்ற முத்திரையைப் பொருத்திவிட்டால் யார் கண்டார்கள் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வீதியில் நிற்பவர் காணமாட்டார். ஓட்டுகிறவர் இரண்டாவது கியரில் காண்பார். உறுதியான ஸ்பிரிங்குகள், முன்புறத்துத் தடித்த சமநிலைக் கம்பி, இரட்டைச் சைலன்ஸர், ஏழு இதழ் விசிறி, தரையிலிருந்து எழும் ஹர்ஸ்ட் கியர்க் கம்பி, சிவப்புக் கோடிட்ட டயர்கள் ஆகிய இவை யாவும் அந்தத் தொகுப்பில் அடங்கியவை. இவற்றில் கண்ணுக்குத் தெரிபவற்றை மட்டும் பொறுக்கிக்கொள்வது அரைகுறை வேலை. டாஷ்போர்டின் அலுமினியத் தகட்டில் வட்ட வட்டமாகக் கடைந்த அந்த வேலைப்பாடு 1964-க்கு மட்டும் உரியது. அதை மறந்து அடுத்த வருஷத்து மரச்சாயல் தகட்டைப் பொருத்தியிருப்பதைக் கண்டால், நல்ல ராக ஆலாபனையில் அன்னிய ஸ்வரம் விழுந்ததுபோல் எனக்கு உடம்பு கூசும்.

மூன்று கார்புரேட்டர் பற்றி நண்பர்களோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. 348 குதிரைத்திறன் கொண்ட டிரை-பவரின் மகிமையை நான் அறியாதவனல்லன். சாதாரண ஓட்டத்தில் நடுக் கார்புரேட்டர் மட்டும் உழைக்க, பெடலை அழுத்தியதும் இரு புறத்தவையும் வாய் திறந்து முழங்கும் அந்த ஓசை காதில் விழுந்த நாள்முதல் மறக்கக்கூடியதன்று. ஆயினும் 1964-இல் அதை வாங்கியவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர்தாம். இன்று லெமான்ஸிலிருந்து பிறக்கும் ஜி.டி.ஓ.க்களிலோ மூன்று கார்புரேட்டர் இல்லாத ஒன்றைக் காண்பது அரிதாகிவிட்டது. நான்கு வாய் கொண்ட ஒற்றைக் கார்ட்டர் கார்புரேட்டரோடு 325 குதிரைத்திறனில் நின்ற வண்டியே அன்றைய வீதியின் உண்மையான ஸ்வரூபம். மாற்றிச் செய்கிறவர் அந்த நடுநிலையைக் காத்தால், அவர் கையில் 1964-ஆம் வருஷமே திரும்பப் பிறக்கிறது என்பேன்.

இக்காலத்து என்ஜினையும் பதினெட்டு அங்குலச் சக்கரங்களையும் பழைய உடம்புக்குள் திணிப்பவர்களோடு நான் சண்டையிடுவதில்லை. ஒன்பதரை அங்குல டிரம் பிரேக்கை நம்பி நெடுஞ்சாலையில் செல்வதற்கு அவர்கள் அஞ்சுவது நியாயமே; முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டுக்கொள்வதை நானும் ஆமோதிக்கிறேன், உயிர் பெரிது. ஆனால் பானெட்டைத் திறந்ததும் வெளிர்நீல வர்ணம் பூசிய பான்டியாக் என்ஜினுக்குப் பதிலாகக் கறுத்த பிளாஸ்டிக் மூடி ஒன்று கண்ணில் பட்டால், பேச்சைத் தொடர எனக்கு மனம் வருவதில்லை. வர்ணத்திலும் அப்படியே. நாக்டர்ன் நீலத்தைப் பழைய லாக்கரில் பலமுறை பூசித் தேய்த்தால் ஆழ்ந்த கிணற்றின் அமைதி அதற்கு வரும். இப்போதைய தெளிபூச்சு கண்ணைப் பறிக்கிறது, உள்ளே இழுப்பதில்லை.

பாகங்களின் தரம் வருந்தத்தக்க நிலைக்கு வந்துவிட்டது. அசலைப் பார்த்து வார்த்ததாகச் சொல்லி விற்கப்படும் ஒரு ஃபெண்டர் முத்திரையை நான் வாங்கிப் பார்த்தேன்: எழுத்துகளின் முனை மழுங்கியிருந்தது, பள்ளத்தில் நிரம்பவேண்டிய வர்ணம் கரைமேல் வழிந்திருந்தது, காம்புகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரு மயிரிழை கூடுதலாக இருந்தது. அந்த மயிரிழைக்காகத் துளையைப் பெரிதாக்குகிறவர்களே பெரும்பாலோர். காம்பைத் திருத்துகிறவர்கள் சிலர். பழைய இரும்புக் கிடங்குகளில் அலைந்து ஓர் அசல் முத்திரையைக் கண்டெடுத்து மறுபடி குரோம் ஏற்றுகிறவர்கள் மிகச் சிலர்.

இதைவிடப் பெரிய வேதனை, செய்ததை மறைத்து அசல் என்று விற்பது. 1964, 1965 வண்டிகளின் எண்ணில் ஜி.டி.ஓ. என்பதற்கு அடையாளம் கிடையாது என்பதையே சிலர் மூலதனமாகக் கொண்டு விட்டார்கள். நல்லவேளையாக, பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் வசம் அன்றைய தொழிற்சாலை விலைப்பட்டியல்களின் படச்சுருள்கள் இருக்கின்றன. வண்டியின் எண்ணைக் கொடுத்தால் எந்தத் தொகுப்போடு அது பிறந்தது என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும். மேற்சொன்ன முதியவர் தாம் மாற்றிய வண்டிகளின் கையுறைப் பெட்டியில், லெமான்ஸ் என்றே பிரகடனம் செய்யும் அந்தத் தாளின் பிரதியை வைக்காமல் சாவியைக் கொடுத்ததில்லை. தம் வேலையில் நம்பிக்கை உள்ளவருக்கு அந்தத் தாளால் என்ன குறை வந்துவிடப்போகிறது? துளை இருந்த இடத்தைத் தாமே விரலால் காட்டி, கண்டுபிடிக்க முடிகிறதா என்று பெருமையோடு கேட்கலாமே.

எனக்கு நிறைவேறாத ஆசை ஒன்று இருக்கிறது. மாற்றிச் செய்கிறவர்கள் எல்லோரும் தூணில்லாத ஹார்ட்டாப்பையும், அதைவிட அதிகமாக மடக்குக் கூரை வண்டியையுமே நாடுகிறார்கள். ஜன்னல்களின் நடுவே மெல்லிய தூண் நிற்கும் ஸ்போர்ட்ஸ் கூப் அந்த வருஷம் 7,384தான் ஜி.டி.ஓ.வாகப் பிறந்தது. கட்டுறுதியான அதன் உடம்பைத்தான், வேகத்தை அறிந்தவர்கள் அன்று விரும்பிக் கேட்டார்கள். அத்தகைய லெமான்ஸ் கூப் ஒன்றை, ஒற்றைக் கார்புரேட்டரோடும் கடைந்த டாஷ்போர்டோடும் நாக்டர்ன் நீலத்தில் செய்து முடித்து, எவரேனும் ஆகஸ்ட் மாதத்து உட்வர்ட் ஊர்வலத்துக்குக் கொண்டுவருவாராயின், மற்ற ஆயிரம் வண்டிகளையும் விட்டுவிட்டு நாள் முழுதும் அதன் ஃபெண்டர் அருகிலேயே நான் நின்றுகொண்டிருப்பேன்.