ஒரு ஃபாரட், 0.2 டெசிபெல்

“கெபாசிட்டர் போட்டுடலாமா சார்? பேஸ் சும்மா அதிரும்.” சென்னை ஜி.பி. ரோட்டில் கார் ஆம்ப் வாங்க நிற்பவர் காதில், பில் போடுவதற்குச் சற்று முன்னால் இந்த வசனம் விழாமல் இருக்காது. கூடவே குரோம் பூசிய கொழுத்த உருளை ஒன்று மேஜைக்கு வரும். அதன் தலையில் நீல எண்களில் வோல்டேஜ் ஓடும். பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது. டிக்கியைத் திறந்தால் நண்பர்கள் முதலில் விசாரிப்பதும் அதைத்தான். சில ஆயிரம் ரூபாய் விழுங்கும் அந்த உருளை என்ன வேலை செய்கிறது என்று அளந்து பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. ஒரு ஃபாரட் என்று எழுதியிருந்த ஒன்றை வாங்கினேன். மல்டிமீட்டரும் உள்ளங்கை அளவு ஆசிலாஸ்கோப் ஒன்றும் கையில் இருந்தன.

சோதனை வண்டி ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. டிக்கியில் மூடிய பெட்டிக்குள் 12 இன்ச் சப்வூஃபர். அதை ஓட்டுவது 2 ஓம்ஸில் 500 வாட் ஆர்.எம்.எஸ். என்று சொல்லிக்கொள்ளும் கிளாஸ்-டி மோனோ ஆம்ப். முழு வீச்சில் அது 50 ஆம்பியர் வரை இழுக்கும். சின்ன கார்களின் ஆல்டர்னேட்டர்கள் பெரும்பாலும் 60 முதல் 90 ஆம்பியர் ரகம்; ஐடிலிங்கில் அதுவும் முழுசாகக் கிடைக்காது. ஏ.சி., ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் அதிலேயே பங்கு கேட்கும். சிக்னலில் நிற்கும்போது டிரம் அடிக்கு அடி ஹெட்லைட் கண் சிமிட்டுவது இதனால்தான். கெபாசிட்டர் விற்பவருக்கு இந்தச் சிமிட்டல்தான் பெரிய விளம்பரம்.

ஒரு ஃபாரட் என்று போட்டிருப்பது ஒரு ஃபாரட்தானா? இதைத் தெரிந்துகொள்ள லேப் எதுவும் வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் 33 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று போதும். அதை நடுவில் வைத்து, காலியான கெபாசிட்டரை 12.6 வோல்ட் பேட்டரியோடு இணைத்தால் வோல்டேஜ் மெல்ல ஏறும். சரியாக ஒரு ஃபாரட் என்றால், 63 சதவீதமான 7.9 வோல்ட்டைத் தொட 33 நொடி ஆக வேண்டும். என்னுடையது 29 நொடியில் தொட்டது. கணக்குப்படி 0.88 ஃபாரட். இந்த வகைக் கெபாசிட்டர்களில் 20 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் சகஜம் என்பதால் இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். உருளையின் மேல் ‘5 ஃபாரட்’ என்று எழுதி மலிவாக விற்பதை வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையை அவசியம் செய்து பார்க்க வேண்டும். கோபம் வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அந்த ரெசிஸ்டர் அளப்பதற்கு மட்டுமல்ல. காலி கெபாசிட்டரை நேராக பேட்டரி லைனில் வைத்தால் அந்த முதல் கணத்தில் அது ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான். பெரிய பொறி பறக்கும், டெர்மினல் கருகும், ஃபியூஸும் போகலாம். முதலில் ரெசிஸ்டர் வழியாகவோ ஒரு 12 வோல்ட் பல்பு வழியாகவோ நிரப்பிவிட்டுத்தான் நேரடி இணைப்பு. கழற்றும்போதும் அதே பல்பு வழியாகக் காலி செய்ய வேண்டும். பிளஸ்ஸும் மைனஸும் மாறிவிட்டால் வெடிக்கக்கூடிய சரக்கு இது.

இப்போது அசல் சோதனை. எஞ்சின் ஐடிலிங், ஹெட்லைட்டும் ஏ.சி.யும் ஓடுகின்றன, பேட்டரி முனையில் 13.9 வோல்ட். கெபாசிட்டர் இல்லாமல் ஒரு குத்துப் பாட்டைச் சத்தமாக ஓடவிட்டால், ஆம்ப் முனையில் ஒவ்வொரு அடிக்கும் வோல்டேஜ் 12.3 வரை குதித்து இறங்கியது. கெபாசிட்டரை ஆம்ப் பக்கத்திலேயே, ஒன்றரை அடிக்குக் குறைவான ஒயரில் சேர்த்ததும் அதே அடிக்கு 12.6. ஆசிலாஸ்கோப் திரையில் கூராக இறங்கிய பள்ளம் மழுங்கிவிட்டது. ஹெட்லைட் சிமிட்டலும் குறைந்தது, நிற்கவில்லை. ஆக, விற்றவர் சொன்னது முழுப் பொய் இல்லை.

அடுத்து, இன்றைய படப் பாடல்களில் வரும் அந்த இழுவைப் பேஸ்: ஒரே ஸ்வரம் ஒரு நொடிக்கு மேல் உறுமும். கெபாசிட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 12.3தான். காரணம் எளிய பெருக்கல். ஒரு ஃபாரட் கெபாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் கொடுக்கக்கூடியது 2 கூலம். 50 ஆம்பியர் இழுக்கும் ஆம்புக்கு அது 0.04 நொடிக்குத்தான் காணும். பக்கத்தில் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியின் கையிருப்பு 1,26,000 கூலம். போதாக்குறைக்கு, காலியான கெபாசிட்டரை மறுபடி நிரப்புவதும் அதே ஆல்டர்னேட்டர்தான். புது மின்சாரம் எங்கிருந்தும் வரவில்லை.

சரி, அந்த 12.3க்கும் 12.6க்கும் உள்ள வித்தியாசம் காதுக்கு எவ்வளவு? வோல்டேஜ் விகிதத்தை டெசிபெல்லாக மாற்றினால் 0.2. பாட்டு ஓடும்போது ஒரு டெசிபெல் மாற்றத்தைக் கண்டுபிடிக்கவே பழகிய காது வேண்டும். 0.2 யார் காதுக்கும் எட்டாது. ‘அதிரும்’ என்ற சொல்லுக்கு இதில் இடமே இல்லை.

அந்த வோல்டேஜ் எங்கேதான் தொலைகிறது என்று தேடினால், கைகாட்டுவது கேபிள். ஆம்பைப் பொருத்திய கடையில் போட்டுக் கொடுத்தது 8 கேஜ் ஒயர், மேலே செம்பு பூசிய அலுமினியம். மேலுறையை வெட்டிப் பார்த்தால் இழையின் வெளிப்புறம் செம்பாகவும் நடுவில் வெள்ளையாகவும் தெரியும். கத்தியால் சுரண்டினாலே போதும். பானட்டிலிருந்து டிக்கி வரை ஐந்து மீட்டர். ஒரு நீளமான ஒயரைப் பிடித்து, பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஆம்ப் பிளஸ்ஸுக்கும் நடுவே அளந்தேன். முழு வீச்சில் 0.8 வோல்ட் கேபிளிலேயே போகிறது. 50 ஆம்பியரில் 0.8 வோல்ட் என்றால் 40 வாட். ஒரு சால்டரிங் அயர்னை கார்ப்பெட்டுக்கு அடியில் நீட்டிப் படுக்க வைத்த கதை. அதைப் பிடுங்கிவிட்டு 4 கேஜ் முழுச் செம்புக் கேபிள் போட்டு, எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரிய முறுக்கியதும் இழப்பு 0.2க்கு இறங்கியது. ஆம்ப் முனையில் குறைந்தபட்ச வோல்டேஜ் 13.0. கெபாசிட்டர் இல்லாமல், அடியானாலும் இழுவையானாலும் அதே 13.0. கேபிள் மாற்றுகிறவர்கள் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாத வண்டியில் ஏறவே எனக்குப் பயம்.

டெசிபெல் கணக்கில் இந்தக் கேபிளின் லாபமும் அரைதான். கேபிள் மாற்றச் சொல்வது சூட்டுக்காகவும் ஹெட்லைட்டுக்காகவும், சத்தத்துக்காக இல்லை. சத்தத்தின் தலையெழுத்து ஆம்பின் பக்கவாட்டில், சின்ன ஸ்க்ரூடிரைவர் நுழையும் ஒரு துளையில் இருக்கிறது. அதன் பெயர் கெயின். ஒரு முனையில் 6 வோல்ட், மறு முனையில் 0.2 வோல்ட் என்று போட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 30 டெசிபெல். 0.2 டெசிபெல்லுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். 30 டெசிபெல் குமிழை ஃபிட்டர் பையன் அரை நிமிடத்தில், காதால் கேட்டு, கடைசி வரை திருகிவிட்டுப் போகிறான். பக்கத்திலேயே பேஸ் பூஸ்ட், அதுவும் முழுசாக. 12 டெசிபெல் பூஸ்ட் என்றால் அந்த அலைவரிசையில் ஆம்பிடம் 16 மடங்கு பவர் கேட்கிறோம் என்று அர்த்தம். 500 வாட் ஆம்ப் எங்கே போகும்?

கெயினை வால்யூம் குமிழாக நினைப்பதில்தான் எல்லாக் கோளாறும். ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னல் எத்தனை வோல்ட்டோ, அதற்கு ஆம்ப் தன் முழு பவரைத் தரும்படி பொருத்தம் பார்ப்பதே அதன் வேலை. அதைத் தாண்டித் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. இதுதான் கிளிப்பிங். முழுக்கத் தட்டையான அலை, அதே உயரமுள்ள சைன் அலையைப் போல இரு மடங்கு பவரை வாய்ஸ் காயிலில் இறக்கும். வார்னிஷ் கருகும் வாடை டிக்கியிலிருந்து வந்தால் அதுதான் காயிலின் கடைசி மூச்சு.

செய்முறை இப்படி. ஸ்டீரியோவில் பேஸ், டிரெபிள், லவுட்னெஸ் எல்லாம் பூஜ்யம். ஆம்பில் பேஸ் பூஸ்ட் பூஜ்யம், கெயின் 6 வோல்ட் முனையில். ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ், 0 டெசிபெல் சைன் டோனை பென் டிரைவில் போட்டு ஓட்ட வேண்டும். புளூடூத் வேண்டாம், போனின் வால்யூமும் குறுக்கே வரும். என் ஸ்டீரியோவில் வால்யூம் 40 வரை போகிறது. ஆர்.சி.ஏ. முனையில் ஆசிலாஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் 35லேயே தலை வெட்ட ஆரம்பித்துவிட்டது, ஆகவே 34தான் எல்லை. ஆசிலாஸ்கோப் இல்லாதவர்கள் முக்கால் வால்யூமில் நிறுத்திக்கொள்ளலாம். இனி மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்து, கெயினை மெல்ல ஏற்ற வேண்டும். வீட்டுக் கரண்டும் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஐந்நூறு ரூபாய் மீட்டரும் இந்த டோனில் ஒழுங்காகக் காட்டும்.

எங்கே நிறுத்துவது? வாட்ஸை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 500 வாட், 2 ஓம்ஸ்: 31.6 வோல்ட். பெரும்பாலானோர் அதிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் 500 வாட் 14.4 வோல்ட் சப்ளையில் வருவது. என் வண்டியில் கிடைப்பது 13.0. இந்த மாதிரி ஆம்ப்களில் சப்ளை குறைந்தால் பவர் அதன் வர்க்கத்தில் குறையும், கிட்டத்தட்ட 400 வாட்தான் மிஞ்சும். அதனால் 28 வோல்ட்டில் நிறுத்தினேன். ஸ்பீக்கரை மாட்டி அதே டோனை ஒரு கணம் ஓடவிட்டு ஆசிலாஸ்கோப்பில் பார்த்தேன். அலை முழுசாக, வளைவு கெடாமல் இருந்தது. 31.6ல் வைத்துப் பார்த்தபோது தலை தட்டை. மீட்டர் மட்டும் வைத்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. பழைய அலுமினியக் கேபிள் இருந்திருந்தால் இன்னும் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

28ல் வைத்தபோது குமிழ் பாதியைக்கூடத் தாண்டவில்லை. முதல் நாள் கேட்கும்போது சத்தம் குறைந்த மாதிரிதான் தோன்றும். நாலு பாட்டு போனபின் டிரம்மும் பேஸ் கிட்டாரும் தனித்தனியாகப் பிரிவது தெரியும்.

ஒரு சிக்கல் நமக்கே உரியது. எண்பதுகளின் இளையராஜா பாடல்களையும் அனிருத்தின் புதுப் பாடல்களையும் ஒரே பென் டிரைவில் போட்டுக் கேட்பவர்கள் நாம். பழைய பதிவுகளின் சராசரி ஒலி அளவு தாழ்வாக இருக்கும்; இன்றைய பாடல்களை உச்சியை ஒட்டியே மாஸ்டரிங் செய்கிறார்கள். 0 டெசிபெல் டோனில் கெயின் வைத்தால், ராஜா பாட்டில் பேஸ் ஒல்லியாகத் தெரியும். அதற்கு மைனஸ் 5 டெசிபெல் டோனில் வைப்பது ஒரு வழி. ஆனால் அடுத்து புதுப் பாட்டு வந்ததும் விரல் வால்யூமுக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் கிளிப்பிங்தான். பிள்ளைகளும் தொடும் வண்டி என்றால் 0 டெசிபெல்லே பத்திரம் என்பது என் கட்சி.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் ‘வீ’ என்ற இரைச்சலுக்கும் கெபாசிட்டரைத்தான் மருந்தாக எழுதித் தருகிறார்கள். அது பெரும்பாலும் எர்த் கோளாறு. கெயின் குறைந்தாலே பாதி அடங்கும்.

இந்த 500 வாட் செட்டிலிருந்து கெபாசிட்டரைக் கழற்றிவிட்டேன். ஆயிரம் வாட்டுக்கு மேல் போகிறவர்களுக்கு முதலில் தேவை பெரிய ஆல்டர்னேட்டரோ இரண்டாவது பேட்டரியோதான். அதற்குப் பிறகும் அடிகளைத் தாங்க ஏதாவது வேண்டும் என்றால் சூப்பர் கெபாசிட்டர் தொகுப்பைப் பார்க்கலாம்: 2.7 வோல்ட், 500 ஃபாரட் செல்கள் ஆறு தொடராகச் சேர்ந்து 16 வோல்ட் தாங்கும் 83 ஃபாரட். வாங்கும்போது ஒவ்வொரு செல்லுக்கும் வோல்டேஜைச் சமன் செய்யும் போர்டு உள்ளே இருக்கிறதா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். அது இல்லாமல் ஆறு செல்களை வெறுமனே சால்டர் செய்து வைத்திருந்தால் வாங்காதீர்கள்.