ரோஸ் செலாவி (ஒளிப்படம்)

ரோஸ் செலாவி, பெண் வேடமிட்ட மார்செல் டுஷாம்பை (1887–1968) மேன் ரே 1920-21 வாக்கில் எடுத்த ஒளிப்படம். கருத்துருக் கலையின் முன்னோடியாகக் கருதப்படும் டுஷாம்ப், அதன் பிரதி ஒன்றில் 'அன்புடன், ரோஸ் செலாவி என்கிற மார்செல் டுஷாம்ப்' எனக் கையொப்பமிட்டார். அப்பிரதி பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. பிரெஞ்சில் இப்பெயரைச் சொல்லும்போது 'காமமே வாழ்க்கை' என்று பொருள்படும் தொடர்போல ஒலிக்கும்.

பொதுவாகக் கையொப்பம், படத்தில் இருப்பவர் இன்னார் என்று உறுதிசெய்யும். இங்கே அதுவே அந்த உறுதியைக் குலைக்கிறது. இல்லாத ஒருத்தி கையெழுத்திடுகிறாள்; இருப்பவர் 'என்கிற' என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கிறார். ஆகவே இப்பிரதியின் மதிப்பு அதன் அருமையால் மட்டும் வந்ததல்ல. கையொப்பமும் படைப்பின் ஒரு பகுதி.

ஆனால் படமெடுத்தவர் மேன் ரே. தொப்பியும் கழுத்தருகே தெரியும் கைகளும் ஜெர்மேன் எவர்லிங் என்பவருடையவை எனக் கூறப்படுகிறது. டுஷாம்பின் கையொப்பத்தில் இவ்விருவருக்கும் இடமில்லை. இதுவே இப்படைப்பின் குறை.

பிற்காலத்தில் பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் ந. புஷ்பமாலா, தென்னிந்தியப் பெண்களைக் காட்டும் பழைய ஓவியங்களையும் படங்களையும் தாமே வேடமிட்டு மறுஆக்கம் செய்தார். 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா' (2000–2004) என்னும் அவ்வரிசை ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியின் பெயரையும் சேர்த்தே அறியப்படுகிறது. ரோஸ் செலாவியின் கையொப்பம் சொல்லாமல் விட்ட கூட்டுழைப்பை இவ்வரிசை வெளிப்படையாக ஏற்கிறது.