நூறு பனிவரகு எடை

சீன எழுத்துகளில் உனக்குப் பிடித்தது எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன். 'ஜூ'! அகராதியில் வேறெதையோ தேடப்போய்க் கண்ணில் பட்டது. அன்று தேடிய சொல் மறந்தே போயிற்று.

இடப்பக்கம் பொன்னைக் குறிக்கும் உறுப்பு. வலப்பக்கம் செந்நிறத்துக்கான எழுத்து. ஆனால் இங்கே நிறத்துக்கு வேலையே இல்லை, ஒலியை மட்டும் இரவல் தந்திருக்கிறது. அதே செந்நிறத்தோடு மரத்தைச் சேர்த்தால் அடிமரம், பூச்சியைச் சேர்த்தால் சிலந்தி. எல்லாமே 'ஜூ'தான்! இது பிடிபட்ட இரவு தூக்கம் வரவில்லை என்றால் நம்புவீர்களா? (இப்போது 14 கோடுகளை 11 ஆக்கிவிட்டார்கள். எனக்குப் பழைய வடிவம்தான் அழகு.)

பொருளோ அதைவிட இனிப்பு. பழைய ஹான் வரலாற்று நூலின் கணக்குப்படி 100 பனிவரகு மணியின் எடை ஒரு ஜூ. 24 ஜூ ஒரு லியாங். நம் அளவில் ஒரு ஜூ ஏறத்தாழ 0.65 கிராம். குன்றிமணியளவும் விட்டுக்கொடுக்காத கஞ்சனைச் சொல்லச் சீனத்தில் ஒரு நாலெழுத்து மரபுத்தொடர் உண்டு. அதில் இந்த ஜூவும் இருக்கிறது.

ஷாங்காய் அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்தில்தான் நேரில் பார்த்தேன். பேரரசர் வூ கி.மு. 118இல் வெளியிட்ட 'வூ ஜூ' காசு. ஐந்து ஜூ என்று அர்த்தம், எடையே பெயர்! நடுவில் சதுரத் துளை. வலப்புறம் உடுக்கை போல ஐந்து, இடப்புறம் அம்புமுனைத் தலையோடு நம்மாள் ஜூ. ஓரத்தைச் சுரண்டிச் செம்பு திருடுகிறவர்களுக்காகவே சுற்றிலும் விளிம்பு வைத்திருக்கிறார்கள். கி.பி. 621இல் தாங் அரசு புதுக்காசு கொண்டுவரும்வரை, எழுநூறு ஆண்டுக்கு மேல், எத்தனையோ அரசுகள் வந்துபோயும் இந்தப் பெயர் ஓய்ந்தபாடில்லை. கண்ணாடிப் பெட்டியில் மூக்கு உரச நின்றிருந்த என்னைக் காவலாளி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

எடையாகச் செத்தாலும் எழுத்து சாகவில்லை. தாய்லாந்தின் பாட் பணத்துக்குச் சீனத்தில் 'தாய் ஜூ' என்றுதான் பெயர். அந்தப் பாட்டும் ஒரு காலத்தில் வெள்ளியின் எடைதான். பாங்காக் நகைக்கடைகளில் இன்றும் தங்கத்தைப் பாட் கணக்கில்தான் நிறுக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால், பணம் மாற்றும் கடையில் சீன எழுத்துப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இடப்பக்கம் பொன், வலப்பக்கம் செந்நிறம். கண்டால் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.